மீட்டர் அங்கிளின் அமெரிக்கா

வீட்டு வாசல் கேற் பூட்டியிருந்தால் மீட்டர்ப் புத்தகத்தில் "கேற் பூட்டு" என்று எழுதிவிட்டு வந்துவிடுவாராம். கொழும்பின் வடக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். ஆளில்லாத வீடென்றால் முந்தின மாதங்களை வைத்து உத்தேசமாக ஓர் எண்ணைப் போடலாம், அதற்கு அனுமதியும் உண்டு. அவர் போட்டதில்லை. மறுநாள் போவார். அதற்கு மறுநாளும் போவார். நாய் நிற்கிற வீடென்றால் நாய்க்குப் பிஸ்கட் வாங்கிக்கொண்டு போவார். "கண்ணாலை பாக்காத எண்ணை எழுதினா அண்டைக்கு எனக்குச் சோறு இறங்காது மிஸ்" என்று முதல் நாள் அறிமுகத்திலேயே சொன்னார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த அறையில் சிரித்திருக்கக் கூடாத ஒரே ஆள் நான்தான்.

ஏனென்றால் நான் அங்கே கற்பித்துக்கொண்டிருந்தது அமெரிக்காவை. நானோ அமெரிக்காவில் கால் வைத்ததே இல்லை.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மருந்துக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் எங்கள் கல்லூரி. கல்லூரி என்பது பெயர்ப்பலகையின் தைரியம்தான். நான்கு அறையும் ஒரு படிக்கட்டும். ரயில் போனால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் கடகடக்கும், அது போய் முடியும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பிள்ளைகள் முதல் வருடத்தை இங்கே படித்துவிட்டு மிச்சத்தை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் போய்ப் படிக்கலாம். அதற்கு முன் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும் பாடம் ஒன்று கட்டாயம். எழுத வேண்டிய பொருள், அமெரிக்கர்களின் பண்பாடும் பழக்கவழக்கமும். விருந்துக்கு எப்படி அழைக்கிறார்கள், வேண்டாம் என்றால் எப்படிச் சொல்கிறார்கள், அயலவரோடு எப்படிப் பழகுகிறார்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து எழுத வேண்டும். அந்தப் பாடம் என்னுடையது.

என்னுடைய தகுதியையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் ரொறன்ரோவில் இருக்கிறான். ஒருமுறை மூன்று கிழமை, இருபத்தொரு நாள், அவனிடம் போய் நின்றேன். நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கனடாக் கரையில் பிளாஸ்டிக் மழைச்சட்டையோடு நின்றுகொண்டு, "அங்காலை தெரியிறது அமெரிக்கா" என்று கையைக் காட்டினான். பார்த்தேன். கொஞ்சம் மரங்களும் ஒரு கோபுரமும் தெரிந்தன. அமெரிக்காவோடு எனக்கிருந்த பழக்கம் அவ்வளவுதான். நேர்முகத் தேர்வில் கல்லூரிப் பணிப்பாளரிடம் இதைச் சொன்னபோது அவர் "வட அமெரிக்க அனுபவம்" என்று குறித்துக்கொண்டார். பெற்றோர் கூட்டத்தில் அது "மிஸ் அமெரிக்காவிலை இருந்து வந்தவ" என்று ஆகிவிட்டது. நான் எழுந்து மறுத்திருக்கலாம். எழவில்லை. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன், அம்மா என்னோடு இருந்தா, அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. அதோடு, உள்ளதைச் சொன்னால், அந்த அறிமுகம் எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

வகுப்பில் பதினான்கு பிள்ளைகள், எல்லாருக்கும் பத்தொன்பது இருபது வயது. கடைசி வரிசை வாங்கில், ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில், ஐம்பத்தாறு வயதில் அவர். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருவார். நியூ ஜேர்சியில் இருக்கும் அக்கா என்றோ ஒருநாள் ஸ்பொன்சர் செய்து போட்ட விண்ணப்பம், அவரே மறந்துபோன பிறகு சரிவந்துவிட்டது. எட்டு மாதத்தில் மனைவியோடு புறப்பட வேண்டும். போகிற இடத்தில் மரியாதை கெட்டு நிற்கக் கூடாது என்று பணிப்பாளரைப் பிடித்து, வகுப்பில் வந்து உட்கார அனுமதி வாங்கியிருந்தார். சோதனையும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாமாம். பிள்ளைகள் அவருக்கு மீட்டர் அங்கிள் என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அப்போது முப்பத்தொன்பது. அவரை என்னவென்று கூப்பிடுவதென்று தெரியாமல் "நீங்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவருடைய சொந்தப் பெயரை இங்கேயும் எழுதவில்லை. எழுதலாமா என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

அவரால் வந்த தொல்லை இதுதான்: நான் சொல்கிற எதையும் அப்படியே எழுதிக்கொள்ள மாட்டார். போய்ச் செய்து பார்த்துவிட்டு வருவார்.

அங்கே ஒருவர் வீட்டுக்குப் போவதென்றால் முதலில் போன் எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள் என்று ஒரு வியாழக்கிழமை சொன்னேன். பிள்ளைகள் அதை வைத்து ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதினார்கள். எல்லாவற்றிலும் தனிமனித சுதந்திரம் வந்தது. அவர் அன்று பின்னேரமே ஜிந்துப்பிட்டியில் இருக்கிற தங்கச்சிக்குப் போன் எடுத்து, நாளைக்கு நாலரைக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறார். முப்பது வருடமாகக் கேட்காமல் வந்து போகிற தமையன் நேரம் கேட்டதும் தங்கச்சிக்குக் கை கால் ஓடவில்லை. யாருக்கு என்ன நடந்தது, மறைக்காமல் சொல்லு என்று அழுதிருக்கிறா. நாலரைக்கு இவர் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் ஒன்பது பேர் கூடியிருந்தார்கள். கிராண்ட்பாஸிலிருந்து மச்சான்காரரும் ஓட்டோவில் வந்து இறங்கியிருந்தார். கெட்ட செய்தி ஒன்றுமில்லை, சும்மாதான் வந்தேன் என்று அவர்களை நம்பவைக்க ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது என்று அவருடைய கட்டுரை முடிந்தது. ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வந்திருந்தது. ஆனால் அந்தக் கிழமை நான் கடைசிவரை விருப்பத்தோடு வாசித்த கட்டுரை அது ஒன்றுதான்.

முன்பின் தெரியாதவர்களோடும் அமெரிக்கர்கள் சிரித்துக் கதைப்பார்கள் என்று சொன்ன கிழமை, பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனிதரிடம் சிங்களத்தில் சுகம் விசாரித்திருக்கிறார். அந்த மனிதர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிவிட்டார். அதுவும் கட்டுரையில் வந்தது, எந்தத் தரிப்பிடம் என்பதோடு.

தேத்தண்ணிக் கட்டுரைதான் பெரிய கரைச்சலைக் கொண்டுவந்தது. நம் வீடுகளில் முதல் தடவை சொல்கிற "வேண்டாம்" கணக்கில் இல்லை. இரண்டாவது "வேண்டாம்" மரியாதைக்கு. மூன்றாவது தடவை கேட்டால்தான் மனதில் இருப்பது வெளியே வரும். அங்கே அப்படியில்லை, ஒருமுறை வேண்டாம் என்றால் வேண்டாம்தான், பிறகு வற்புறுத்துவது மரியாதைக் குறைவு என்று நான் பெரிய அறிவாளி போல விளக்கினேன். அவர் ஒரு கிழமை முழுவதும் வீட்டுக்கு வந்தவர்களிடம் ஒரேயொரு தடவைதான் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். வந்த பதினொரு பேரும் வேண்டாம் என்றார்கள். பதினொரு பேரும் குடிக்காமலே போனார்கள். மனைவியின் தமையன் அதற்குப் பிறகு அந்தப் படியை மிதிக்கவில்லை. மனைவி இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

அதோடு விட்டாரா? மறுபக்கத்தையும் பார்க்க வேண்டுமென்று, கட்டுரை கொடுக்கிற சாட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். போன் எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வந்தார். அம்மா வழக்கம்போல, "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்டா.

"ஓம் அம்மா. சீனி ரெண்டு கரண்டி."

அம்மா அப்படியே நின்றுவிட்டா. உள்ளே வந்து என்னிடம், மனிசன் காலமை சாப்பிடாமல் வந்திருக்குது போலை என்று குசுகுசுத்து, தேத்தண்ணியோடு இடியப்பமும் சொதியும் கொண்டுபோய் வைத்தா. அவர் சாப்பிட்டு முடித்து, கொப்பியை எடுத்து என்னவோ எழுதினார்.

இதெல்லாம் சிரிப்புத்தான். எனக்குப் பயம் தொடங்கியது சப்பாத்தில்.

அங்கேயும் நம்மைப் போல வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். பார்த்தது உண்மை. ரொறன்ரோவில், அண்ணனுடைய அயல் வீட்டு வெள்ளைக்காரர்கள். அடுத்த கிழமை கடைசி வாங்கில் கை உயர்ந்தது.

"மிஸ், அக்காட்டைக் கேட்டனான். அவவின்ரை பக்கத்து வீடு, முன்வீடு ரெண்டிலையும் சப்பாத்தோடைதான் உள்ளுக்குப் போறவையாம். நீங்கள் இருந்த இடம் எது?"

"கொஞ்சம் வடக்குப் பக்கம்."

"எவ்வளவு வடக்கு மிஸ்?"

"நல்லா வடக்கு" என்றேன்.

ரயில் வந்தது. அந்த ரயிலுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். அது போய் முடிந்தபோது நான் பலகையில் வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டு கிழமை கழித்து, திருத்துவதற்குச் சேர்த்த கட்டுரைகளோடு அவருடைய நீளமான மட்டைக் கொப்பியும் தவறுதலாக வந்துவிட்டது. திறந்திருக்கக் கூடாது, திறந்தேன். மீட்டர்ப் புத்தகம் மாதிரியே கோடு போட்டிருந்தார். இடது பக்கம் நான் சொன்னது, வலது பக்கம் அவர் பார்த்தது. போன் எடுத்தல், பார்த்தாயிற்று. பஸ்ஸில் கதைத்தல், பார்த்தாயிற்று. தேத்தண்ணி, இரண்டு பக்கமும் பார்த்தாயிற்று. கடைசி வரியில் இடது பக்கம் "மிஸ் அமெரிக்காவில் இருந்தது" என்று இருந்தது. அதற்கு நேரே "கேற் பூட்டு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இந்த மனிசன் யார் எனக்கு மீட்டர் பார்க்க? உட்கார இடம் கொடுத்தால் இப்படியா? கொப்பியை மேசையில் அறைந்துவிட்டு எழுந்தேன். பிறகு கோபம் போய்விட்டது, பயம் மட்டும் இருந்தது. ஏனென்றால் அடுத்த மாதம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் எங்கள் பாடத்தைப் பார்வையிட வருவதாக இருந்தது. ஆசிரியர் விவரத் தாளில் "அமெரிக்காவில் வாழ்ந்த அனுபவம்: உண்டு" என்று பணிப்பாளர் ஏற்கனவே நிரப்பி அனுப்பியிருந்தார். அது பொய் என்று பிடிபட்டால் என் வேலை போவது ஒரு பக்கம். பதினான்கு பிள்ளைகளின் ஒரு வருடப் படிப்பையும் அங்கே ஏற்காமல் விட்டுவிடலாம்.

கொப்பியைத் திருப்பிக் கொடுத்த அன்று, வகுப்பு முடிந்து எல்லாரும் போகும்வரை அவர் ஃபேன்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு நின்றார்.

"நான் ஒருத்தரிட்டையும் கதைக்கேல்லை மிஸ். கதைக்கவும் மாட்டன்" என்றார். "ஆனா பாடம் பாக்க வாறவை என்னட்டை நேரை கேட்டா, எனக்கு உத்தேசமாச் சொல்ல வராது."

நான் பலகையை அழிக்கத் திரும்பினேன்.

"கேற்றைத் திறந்து விடுங்கோ. உள்ளுக்கு என்ன கிடந்தாலும் ஒண்டுமில்லை. பூட்டிக் கிடக்கிறதுதான் கரைச்சல்."

மூன்று கிழமை எனக்கு நித்திரை இல்லை. பணிப்பாளரிடம் சொன்னேன், தாளைத் திருத்துங்கள் என்று. இப்போது திருத்தினால்தான் சந்தேகம் வரும், பேசாமல் இருங்கள் மிஸ் என்றார். பேசாமல் இருந்தேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் இருந்தது.

வந்தவர் அறுபது வயதுப் பெண். நரைத்த குட்டை முடி, தட்டையான சப்பாத்து. மூன்று மாடியும் ஏறி மூச்சு வாங்க வந்து முன் வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டா. பணிப்பாளர் தட்டில் தண்ணீர் கிளாஸோடு வாசலில் நின்றார். பாடம் முடிந்ததும் அவ சிரித்தபடி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டா, எந்த மாநிலத்தில் இருந்தாய், எத்தனை வருடம் என்று. விசாரணையே இல்லை. ஊர்க்காரியைச் சந்தித்த சந்தோஷத்தில் கேட்ட கேள்வி.

நான் கடைசி வாங்கைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பேனா மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். என்னை நெருக்கக் கூடாதென்றுதான் அப்படிக் குனிந்திருந்தார் என்பது அந்த நேரத்திலும் எனக்கு விளங்கியது.

நான் அங்கே இருந்ததே இல்லை என்றேன். நயாகராவில் கனடாப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் என்றேன். தாளில் இருப்பது பிழை, அதைத் திருத்தாமல் விட்டது என் பிழை, பிள்ளைகளுக்கு இதில் சம்பந்தமில்லை என்றும் சொன்னேன். வாசலில் கிளாஸ் தட்டில் முட்டுகிற சத்தம் கேட்டது. முன்வரிசைப் பிள்ளைகள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லி முடித்ததும் எனக்குப் பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்தது இறங்கிப்போக, வயிறு தன் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டது.

அந்தப் பெண், அப்படியென்றால் நீ சொல்வது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்கிறாய் என்று கேட்டா. நான் கடைசி வாங்கில் இருந்தவரிடமிருந்து அவருடைய கட்டுரைகளை வாங்கிக் கொடுத்தேன். தங்கச்சி வீட்டுக் கட்டுரையை நின்றபடியே வாசிக்கத் தொடங்கி, ஒன்பது பேர் கூடிய இடத்தில் சிரிப்பு அடங்காமல் உட்கார்ந்துவிட்டா. சப்பாத்துக் கட்டுரையில் அவர் அக்காவோடு நிற்காமல், அக்காவுடன் வேலை செய்கிற மூன்று பேரையும் போனில் கேட்டு, வீட்டுக்கு வீடு வித்தியாசம், வாசலில் நின்று கேட்பதே நல்லது என்று முடித்திருந்தார். அதையும் வாசித்தா. எங்கள் ஊரிலேயே மாணவர்களை இப்படிப் போய்ப் பார்த்து எழுதவைக்கப் படாத பாடு படுகிறோம் என்றா. திருத்திய ஆசிரியர் விவரத் தாளைத் தன்னிடம் கையில் தரும்படி பணிப்பாளரிடம் சொன்னா. பாடம் தொடர்ந்து நடக்கட்டும், பிள்ளைகள் பயப்பட வேண்டாம் என்றா.

பிறகு என் பக்கம் திரும்பி, கோடையில் தங்கள் வளாகத்தில் வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு இரண்டு கிழமைப் பயிற்சி இருக்கிறது, எல்லாச் செலவும் தங்களுடையது, வர விருப்பமா என்று கேட்டா.

"ஐயோ, வேண்டாம், பரவாயில்லை" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

நான் சொல்லவில்லை, வாய் சொன்னது. இனி அவ இல்லையில்லை, நீ வரத்தான் வேண்டும் என்று சொல்ல வேண்டும். நான் இன்னொரு தடவை மறுக்க வேண்டும். மூன்றாம் தடவை, நீங்கள் இவ்வளவு சொல்கிறீர்கள் என்பதற்காக என்று சம்மதிக்க வேண்டும். அவவோ சரி என்று மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, தன் கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தா. பையின் ஸிப்பை இழுத்து மூடினா.

கடைசி வாங்கிலிருந்து குரல் வந்தது.

"மிஸ், அவ ரெண்டாந்தரம் கேக்க மாட்டா."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அந்தப் பெண் என்ன என்று விழித்தா. முன்வரிசைப் பிள்ளை ஒன்று மொழிபெயர்க்கத் தொடங்கியது. பிள்ளை சொல்லி முடிப்பதற்குள் நான் "யெஸ், யெஸ், பிளீஸ்" என்று மூன்று தடவைக்குரியதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

அன்று வெள்ளவத்தைக் கடற்கரை வீதியால் வீடுவரை நடந்து போனேன். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் நடந்ததில்லை. மீட்டர் அங்கிள் புறப்படுகிற நாளில் என்னிடம் வந்து கொப்பியைக் காட்டினார். கடைசி வரியில் "கேற் பூட்டு" வெட்டப்பட்டு, "பார்த்தாயிற்று. கனடாப் பக்கம்" என்று இருந்தது.

அடுத்த கோடையில் நான் போனபோது அவர் அங்கே போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. பயிற்சிக்கு நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் ரயிலில் பயணம் செய்து அவர் வீட்டுக்குப் போனேன். முதலில் போன் எடுத்தேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தபோது, "இது அவ்வளவு வடக்கு இல்லை மிஸ், போட்டுக்கொண்டே வாங்கோ" என்றார். ஆள் மெலிந்திருந்தார். வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டிருந்தார். அக்காவும் மனைவியும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களோ மிஸ்?"

"வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்."

பொய். வாய் திரும்பவும் தன் வேலையைக் காட்டிவிட்டது. மனைவியின் தமையனையே வறண்ட தொண்டையோடு அனுப்பிய மனிதரிடம் போய்! என்னை நானே திட்டிக்கொண்டேன். அவர் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். யார் யார் எங்கே வந்து சேர்ந்தார்கள் என்று சொன்னேன்.

"ஒரு பிளேன்டீ எண்டாலும்?"

"பரவாயில்லை, இருக்கட்டும்."

அவர் எழுந்து போய்க் கேத்தலில் தண்ணீர் பிடித்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நின்றன.

"நல்ல சனம் மிஸ், ஒரு குறையும் சொல்லேலாது. ஆனா ஒருத்தரும் ரெண்டாந்தரம் கேக்கிறேல்லை. நானும் இப்ப முதல் தரமே ஓமெண்டு சொல்லிப் பழகிட்டன்." கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினார். "மிஸ், தேத்தண்ணி?"

"ஓம்" என்றேன். "சீனி ரெண்டு கரண்டி."